கஸ்பார் வருகிற பாட்டு

வேலாங்குளம் ஜங்ஷன் ரயில்வே காலனியில், மூன்றாம் தெரு இருபத்தேழாம் நம்பர் குவார்ட்டர்ஸில் இருந்த அமலோற்பவம், எங்களுக்கு அமலி, மெட்ராஸுக்குப் போய்ப் பாடிக் கொடுத்துவிட்டு வந்த கேசட்டில், முதல் பக்கம் நாலாவது பாட்டைப் போட்டால், ஆறு வருஷமாகக் காணாமல் போயிருந்த அவள் புருஷன் கஸ்பார், பாட்டு ஓடுகிற நாலு நிமிஷம் பதினோரு செகண்டுக்கு, எந்த வீட்டில் பாட்டு ஓடுகிறதோ அந்த வீட்டுக்கு வந்துவிட்டுப் போவான். இதை நம்பாதவர்கள் இத்தோடு எழுந்து போகலாம், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. என் வீட்டு மிக்ஸி அவன் கையால் சரியானது, அதில்தான் இன்றைக்கும் சட்னி அரைக்கிறேன். அதற்கு மேல் சாட்சிக்கு நான் எங்கே போக?

எங்கள் காலனியில் பாட்டு என்றால் அது ஒரு தனி தினுசு. அந்தக் காலத்துச் சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்திய, டிரைவர்கள் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியபோது, வேலை விட்டு வருகிறவர்கள் கேரம் ஆடுவதற்கென்று ரயில்வே கட்டிக் கொடுத்த இன்ஸ்டிட்யூட் ஹாலில், இரண்டு கிட்டாரையும் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளையும் விட்டுப் போனார்கள். அந்த இசைத்தட்டுகளில் குதிரைக்காரன் வருவான், கூட்ஸ் வண்டி வரும், குடிகாரன் அழுவான், ஒருத்தி வாசலில் நின்று ஒருத்தனுக்காகக் காத்திருப்பாள். கன்ட்ரி என்று அதற்குப் பேர். அர்த்தம் யாருக்குத் தெரிந்தது? வண்டிச் சத்தம் தெரிந்தது, காத்திருக்கிறது தெரிந்தது, அது போதாதா ரயில்வேக்காரனுக்கு? கேட்டுக் கேட்டு அந்த மெட்டுகள் எங்கள் தெருக்களில் மாவாட்டும்போதும் துணி அலசும்போதும் தன்னால் வாயில் வர ஆரம்பித்தன. அமலிதான் அந்த மெட்டுகளைப் போலத் தானே புதிதாகக் கட்டி, அதில் எங்கள் தமிழை, எங்கள் பாயிண்ட்ஸ்மேனை, எங்கள் கரி அடுப்பை உட்கார வைத்துப் பாடினாள். கிறிஸ்துமஸுக்கு, ரிட்டயர்மெண்ட் விருந்துக்கு, யாருக்காவது மாற்றலாகிப் போகிற வழியனுப்புக்கு என்று அவள் பாடாத விசேஷம் கிடையாது.

கஸ்பார் வண்டி ரிப்பேர் ஷெட்டில் ஃபிட்டர். தங்கமான கை, ஆனால் வாய் என்று ஒன்று இருப்பதே அவனுக்கு ஞாபகம் இருக்காது. கையில் ஸ்பேனர் இருக்கிறவரை நீங்கள் தலைகீழாக நின்றாலும் அவனிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது. வேலை முடிந்து, சாமான்களைப் பைக்குள் போட்டு, கையைக் கழுவித் துடைத்த பிறகுதான் பேசுவான், அதுவும் இரண்டு வார்த்தை. அப்படிப்பட்டவன் ஒரு வியாழக்கிழமை காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான், ஷெட்டுக்கும் போகவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தோம், பேப்பரில் போட்டோ போட்டோம், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டோம். ஒரு தகவலும் இல்லை. அமலி என்னைப் பிடித்துக்கொண்டு ஒருநாள் சொன்னாள்: "ஓடிப் போயிருந்தாருன்னா திட்டித் தீத்துடுவேன் பாக்கியக்கா. செத்துப் போயிருந்தாருன்னா அழுது தீத்துடுவேன். ரெண்டும் தெரியாம நான் எப்படிக்கா இருக்கறது?" ஒரு டம்ளர் காபி போட்டுக் கொடுத்தேன்.

அவன் போய் ஆறாவது வருஷம், கிறிஸ்துமஸ் ப்ரோகிராமுக்கு யாரோ கூட்டிக்கொண்டு வந்திருந்த ஒரு கேசட் கம்பெனிக்காரர் அமலியின் பாட்டைக் கேட்டுவிட்டு, மெட்ராஸுக்கு வரச் சொன்னார். அங்கே ரெக்கார்டிங் தியேட்டரில் இரண்டு நாளில் பத்துப் பாட்டுப் பாடினாள். முதல் பக்கம் ஐந்தும் கிட்டாரும் மவுத் ஆர்கனும் வைத்த கன்ட்ரிப் பாட்டு, இரண்டாம் பக்கம் ஐந்தும் பியானோவும் வயலினும் வைத்து மெதுவாக நடக்கிற பாட்டுகள், பத்து வருஷமாவது குடும்பம் நடத்தினவர்களுக்குத்தான் விளங்கும், ஆறிப்போன காபியைப் பற்றி, ஒரே மேஜையில் பேசாமல் சாப்பிடுகிற இரண்டு பேரைப் பற்றி, தூங்குகிற மாதிரி நடிக்கிற புருஷனைப் பற்றி. கேசட்டுக்கு "வண்டி வரும் நேரம்" என்று பேர் வைத்தார்கள். அட்டையில் நீலப் புடவையோடு கிட்டாரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அதுவும் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கிற மாதிரி. ஜென்மத்துக்கும் அவள் கிட்டார் வாசித்ததில்லை. காலனியில் எல்லோரும் வாங்கினோம், நம்ம அமலி அல்லவா?

எங்கள் வீட்டில் சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குப் போட்டேன். மிக்ஸி இரண்டு வாரமாக ஓடாமல், பிரித்துப் போட்டபடி தரையில் கிடந்தது. மூன்று பாட்டு முடிந்தது. நாலாவது பாட்டில் மவுத் ஆர்கன் எடுத்துக் கொடுக்க, அமலி,

வண்டி வரும், வண்டி வரும், வாசலைத் திறந்து வை,
கையலம்பத் தண்ணி வை, கால் துடைக்கத் துணியும் வை

என்று பாட ஆரம்பித்ததும், வாசலில் செருப்பு விடுகிற சத்தம் கேட்டது, கஸ்பார் உள்ளே வந்தான். அதே பழுப்புச் சட்டை, அதே பை, தலையில் எண்ணெய் வழியச் சீவின அதே வகிடு. நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஓடிப் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி அமலியைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்க வேண்டும். என் புத்தி போன போக்கைப் பாருங்கள். ஊறப் போட்ட பருப்பு ஒரு பக்கம், மத்தியானம் வருவதாகச் சொன்ன விருந்தாளி ஒரு பக்கம், என் வாயில் வந்தது இதுதான்: "வா தம்பி, நல்ல நேரத்துல வந்தே. இந்த மிக்ஸியைக் கொஞ்சம் பாரேன்."

அவன் பார்த்தான். சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒயரைச் சுரண்டி, பிரஷ்ஷைத் தேய்த்து மாட்டி, மூடி, ஒருதரம் ஓட விட்டு நிறுத்தி, ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். "அக்கா, அமலிகிட்ட சொல்லுங்க, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தான். அதற்குள் பாட்டு அமுங்கிக்கொண்டே போனது, அவனும் ஈரத்தரை காய்கிற மாதிரி ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வந்தான். பாட்டு காதுக்கு எட்டாமல் போனபோது அவன் இல்லை, வாசலில் செருப்பும் இல்லை. போட்டுப் பார்த்தேன், மிக்ஸி மட்டும் ஓடியது.

இந்த விஷயம் மத்தியானத்துக்குள் மூன்று தெருவுக்கும் தெரிந்துவிட்டது. மறுநாளே காலனி முழுக்க நாலாவது பாட்டுதான். குக்கர், இஸ்திரிப் பெட்டி, சைக்கிள் செயின், தையல் மெஷின், தண்ணீர் ஏற்றாத மோட்டார் என்று ஆளாளுக்கு எடுத்து வைத்துக்கொண்டு பாட்டைப் போட்டார்கள். அதில்தான் ஒரு சிக்கல் வந்தது. ஒரே நேரத்தில் இரண்டு வீட்டில் ஓடினால், அவன் இரண்டு வீட்டுக்கும் வந்தான், ஆனால் இரண்டிலும் பாதி ஆளாகத்தான் வந்தான். இந்த வீட்டில் திருகாணியைக் கழற்றிவிட்டு அந்த வீட்டில் மாட்டினான், இங்கே கழற்றினது மாட்டாமலே கிடந்தது. சண்டை வந்துவிட்டது. ரயில்வேக்காரர்களுக்கு இதற்கு வழி சொல்லித் தர வேண்டுமா? கூட்ஸ் கார்டாக முப்பது வருஷம் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டு ஒரு டைம்டேபிள் தயார் பண்ணினார். எந்த குவார்ட்டர்ஸில் எத்தனை மணிக்கு, ரீவைண்ட் பண்ண எத்தனை நிமிஷம், நடுவில் அவன் மூச்சு விட எத்தனை நிமிஷம் என்று எழுதி இன்ஸ்டிட்யூட் போர்டில் ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. லேட்டாகப் போடுகிறவர்களுக்கு அடுத்த முறை கிடையாது. அப்புறம் ஒரு சண்டையும் இல்லை.

ஆபீஸும் விட்டு வைக்கவில்லை. அனுமதியில்லாமல் ஆறு வருஷம் வேலைக்கு வராதவர் காலனிக்குள் தனியார் வேலை பார்ப்பதற்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ அடித்து, வெல்ஃபேர் இன்ஸ்பெக்டர் பசுபதி அதைத் தன் அறையில் வைத்துக்கொண்டு கேசட்டைப் போட்டார். கஸ்பார் வந்தான், மெமோவை வாங்கினான், கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டான், பாட்டு அமுங்கியதும் ஆளோடு கையெழுத்தும் போய்விட்டது. அவன் சரி பண்ணினது நிற்கும், எழுதினது நிற்காது, ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். மூன்று தரம் இப்படி நடந்தது. நாலாவது தரம், ஒரு வருஷமாகக் கிரீச் கிரீச்சென்று கத்திக்கொண்டிருந்த தன் தலைக்கு மேலிருந்த ஃபேன் சத்தமில்லாமல் சுற்றுவதைப் பசுபதி சார் பார்த்தார். மெமோவை மடித்து ஃபைலின் அடியில் வைத்துவிட்டார். பங்குச் சாமியாருக்கு வேறு குழப்பம், வருஷா வருஷம் கஸ்பாருக்கு வைக்கிற பூசையை இருக்கிறவனுக்காக வைப்பதா, இறந்தவனுக்காக வைப்பதா என்று. கேசட்டைப் போட்டு அவனையே கேட்டுப் பார்த்தார். அவன் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனக் கூண்டின் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டுவிட்டு, முட்டி போட்டு, சிலுவை போடுவதற்குள் காய்ந்துவிட்டான்.

எல்லா வீட்டிலும் அவன் கடைசியில் ஆரம்பித்தது ஒரே வாக்கியம்தான். "அமலிகிட்ட சொல்லுங்க, அன்னிக்கு நான்..." அதோடு பாட்டு அமுங்கிவிடும். அந்த மீதியைக் கேட்டுவிட வேண்டும் என்று நாங்களும் பார்க்காத வித்தையில்லை. ஒரு பல்பு மாட்டுகிற வேலையைக் கொடுத்தால் அதற்கும் அவன் கை நாலு நிமிஷம் எடுத்துக்கொண்டது. வேலையே கொடுக்காமல் உட்கார வைத்தால், சுற்றிச் சுற்றிப் பார்த்து எங்காவது ஆடுகிற ஆணி ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவான். கையில் வேலை இருக்கிறவனை எங்கள் காலனியில் யாரும் கையைப் பிடித்து நிறுத்த மாட்டோம், அது எங்கள் வளர்ப்பு. அதனால்தான் ஒரு வருஷம் முழுக்க ஒரு மனுஷனை வீடு வீடாக வேலை வாங்கினோம், அவன் சொல்ல வந்ததைக் கேட்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அமலி மட்டும் அந்தப் பாட்டைத் தன் வீட்டில் போடவில்லை. டைம்டேபிளில் இருபத்தேழாம் நம்பருக்கு என் வீட்டுக்காரர் தினமும் நேரம் ஒதுக்கி வைத்திருந்தார், அந்த நேரம் சும்மாவே போகும். பக்கத்து வீட்டில் மவுத் ஆர்கன் கேட்டதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடி அடிபம்புக்குப் போய்விடுவாள். "உங்கிட்ட என்னமோ சொல்லணுமாம் அமலி, ஒருதரம் போட்டுத்தான் பாரேன்" என்று சொன்னவர்களிடம், "சொல்லட்டும், இப்ப என்ன அவசரம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் அடிப்பாள். குடம் நிறைந்து வழிந்தாலும் அடித்துக்கொண்டே நிற்பாள்.

கேசட் என்பது தேய்கிற சாமான். ஒரே பாட்டை ஓட்டி, ரீவைண்ட் பண்ணி, மறுபடி ஓட்டினால் எத்தனை நாள் தாங்கும்? முதலில் சத்தம் நடுங்கியது, அப்போது அவன் கையும் நடுங்கியது. வெயிலில் வைத்து டேப் இழுபட்டுப்போன வீட்டில் அவன் தண்ணீருக்குள் நடக்கிறவன் மாதிரி மெதுவாக வந்தான், ஸ்பேனரைத் தூக்குவதற்குள் பாட்டு முடிந்தது. சில வீட்டில் சட்டையின் நிறம் போய்விட்டது, சில வீட்டில் முகம் சரியாகத் தெரியவில்லை, பிறகு ஒவ்வொன்றாக டேப் சிக்கி அறுந்தது. புதிதாக வாங்கலாம் என்று எழுதிக் கேட்டால், அந்தக் கம்பெனி மூடியாகிவிட்டது, ஒரிஜினல் டேப்பின் மேலேயே வேறு யாரோ பாடிவிட்டார்கள் என்று பதில் வந்தது. கேசட் வந்த பதினோராம் மாசத்தில் காலனியில் நல்லபடியாக ஓடுகிற கேசட் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் என்னிடம்தான் இருந்தது. என்னுடையதும் அறுந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். சீலிங் ஃபேன் எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகலாம் அல்லவா? இப்படியும் ஒரு ஜென்மம் இருக்குமா என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது, நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சமயத்தில்தான் பசுபதி சார் ஒரு காகிதத்தோடு இருபத்தேழாம் நம்பருக்கு வந்தார். அவர் சொன்னதை நான் வாசலில் நின்று கேட்டேன். "வர்ற பதினாலாம் தேதியோட ஏழு வருஷம் முடியுதும்மா. ஏழு வருஷம் தகவல் இல்லைன்னா இறந்துட்டதா எடுத்துக்கலாம், சட்டம் அப்படி. நீங்க கையெழுத்துப் போட்டீங்கன்னா ஆபீஸ்ல உங்களுக்கு வேலை போட்டுக் கொடுத்துடுவாங்க, இந்த வீடும் உங்க பேருக்கே வந்துடும். போடலைன்னா வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. எனக்கும் வேற வழியில்லம்மா." அமலி பேனாவை வாங்கி, காகிதத்தின் மேல் வைத்து, அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு பேனாவை மூடிக் கொடுத்தாள். "செத்துட்டாருன்னு நான் எப்படி சார் எழுதறது? போன மாசம் உங்க ஃபேனுக்கு எண்ணெய் விட்டவரை?" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு அரிசி டின்னிலிருந்து கேசட்டை எடுத்து, முந்தானையால் துடைத்து, டேப்ரிக்கார்டரையும் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். "அறுந்துபோச்சுன்னு பொய் சொன்னேன் அமலி. பதினேழு தடவை போட்டிருக்கேன். இன்னும் ரெண்டு மூணு தடவைதான் தாங்கும். என்னை நாலு அறை அறைஞ்சுடு" என்றேன்.

அவள் அறையவில்லை. அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "பத்துப் பாட்டுக்கா. வாய் கிழியப் பத்துப் பாட்டுப் பாடினேன். நாலைத் தாண்டி ஒருத்தராவது அஞ்சாவது பாட்டைக் கேட்டீங்களா? ரெண்டாம் பக்கத்தையாவது திருப்பிப் போட்டீங்களா?" என்று கேட்டாள். சமையலறைக் குழாய் சொட்டுச் சொட்டென்று சொட்டிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் ஏழு வருஷமாக எதுவும் சரி பண்ணவில்லை என்பதை அன்றைக்குத்தான் நான் கவனித்தேன். ஜன்னல் கொக்கி கயிற்றால் கட்டியிருந்தது, சுவிட்சுக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, கட்டிலின் ஒரு காலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்திருந்தது.

"அன்னிக்குக் காலைல நான்தான்க்கா சொன்னேன்" என்றாள் அமலி. "ஊர்ல எல்லாருக்கும் ஓடி ஓடி ரிப்பேர் பாக்கறீங்க, நம்ம வீட்டுக் குழாய் மூணு மாசமா சொட்டுது, இதைச் சரி பண்ண முடியலைன்னா வீட்டுக்கே வராதீங்கன்னு. பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. எங்கிட்ட சொல்லச் சொன்னாராமே, அன்னிக்கு நான்னு. மீதி என்னக்கா இருக்கும்? நீ வராதேன்னு சொன்னே, அதான் வரலைன்னு இருக்குமோ? அதை எப்படிக்கா நான் காதால கேக்கறது?"

"கேக்காமலே இத்தனை நாள் கேட்டுக்கிட்டுதானே இருக்கே" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக்கூடாதோ என்னவோ. அவள் புடவையை உதறிக் கட்டிக்கொண்டு, முகத்தைக் கழுவி, தலையைச் சீவி, தரையில் உட்கார்ந்து, "போடுங்க" என்றாள்.

மவுத் ஆர்கன் எடுத்தது. வாசலில் செருப்புச் சத்தம். கஸ்பார் உள்ளே வந்தான், அமலியைப் பார்த்தான், மற்ற எந்த வீட்டிலும் நிற்காத மாதிரி ஒரு விநாடி நின்றான். அவள் ஏதோ சொல்லப் போனாள். அதற்குள் குழாய் சொட்டியது, அவன் நேராக அதனிடம் போய்விட்டான். பாவி மனுஷன், அவன் பிறவி அப்படி. முடுக்கினான், கழற்றினான், உள்ளே வாஷரை மாற்றினான், மறுபடி முடுக்கினான். "இங்க பாருங்க, என்னைப் பாருங்க, எங்க போனீங்க?" என்று அவள் பின்னாலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், சொட்டு நிற்கும்வரை அவன் திரும்பவில்லை. சொட்டு நின்றது. திரும்பினான். "அமலி, அன்னிக்கு நான்..." என்றான், பாட்டு அமுங்க ஆரம்பித்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பாட்டுக்கு அமலி முடிவு எழுதியிருக்கவில்லை. ரெக்கார்டிங்கில் இன்ஜினியர், "எப்படிம்மா முடிக்கறது?" என்று கேட்டபோது, "தெரியலையே சார்" என்றாளாம். "பரவாயில்லை, திரும்பத் திரும்பப் பாடுங்க, நான் சத்தத்தைக் குறைச்சுக்கிட்டே போயிடறேன்" என்று அவர் சொல்லியிருக்கிறார். முடியாத பாட்டு, அதனால்தான் அவன் ஒவ்வொரு வீட்டிலும் விடைபெறாமலே காய்ந்து போனான்.

அவன் தோள் காய்ந்து, கழுத்து வரைக்கும் போனபோது, அமலி தன்னை அறியாமல் பாட்டை வாயில் எடுத்துக்கொண்டாள்.

வண்டி வரும், வண்டி வரும், வாசலைத் திறந்து வை.

அவன் நின்றான். கழுத்து வந்தது, தோள் வந்தது, கையும் பையும் வந்தன. நான் அடுத்த பாட்டு வந்து கெடுத்துவிடாமல் சட்டென்று டேப்ரிக்கார்டரை நிறுத்தினேன். அவன் இருந்தான். அவள் பாடுகிறவரை இருந்தான். ஆனால் பாடுகிறவள் எப்படிக் கேள்வி கேட்பாள்? கேட்க வாயெடுத்தால் பாட்டு நிற்கும், பாட்டு நின்றால் அவன் போய்விடுவான். அவள் கண்ணாலேயே கேட்டாள். அவனோ வீட்டைச் சுற்றிப் பார்த்தான், ஜன்னல் கொக்கியைப் பார்த்தான், பையை மறுபடி திறந்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். அவன் கொக்கியை நேராக்கினான், அவள் பாடினாள், அவன் சுவிட்சைக் கழற்றி மாட்டினான், அவள் பாடினாள், அவன் செங்கலை எடுத்துவிட்டுக் கட்டில் காலுக்கு ஆப்பு வைத்து அடித்தான், அவள் பாடினாள், அலமாரிக் கதவு, கழிவறைத் தாழ்ப்பாள், ஆடுகிற நாற்காலி, ஒரு முள் உடைந்த கடிகாரம், அடுப்புத் திரி என்று ஏழு வருஷத்து வேலையையும் ஒவ்வொன்றாக எடுத்து அவன் முடிக்க முடிக்க, அந்த இரண்டே வரியை அவள் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே அவன் பின்னால் அறை அறையாக நடந்தாள். சத்தம் கேட்டுத் தெருவே வாசலில் கூடிவிட்டது. அவள் தொண்டை கட்டுவதைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் மூச்சு வாங்கட்டும் என்று நான் கூடச் சேர்ந்து பாடினேன், மற்ற பெண்களும் பாடினார்கள். பிரயோஜனமில்லை. அவள் மூச்சு வாங்கின அந்த நொடியே அவன் ஓரம் காய ஆரம்பித்தது, எங்கள் பாட்டு அவன் காதில் ஏறவேயில்லை. அவள்தான் பாட வேண்டும். நாலரை மணிக்கு அவள் குரல் பாட்டாகவே இல்லை, அரத்தால் இரும்பைத் தேய்க்கிற சத்தமாக இருந்தது. பாடினாள்.

கடைசியில் அவனுக்கு வேலை தீர்ந்துபோயிற்று. வீட்டை ஒருதரம் சுற்றிவந்தான். ஆடுகிறது, சொட்டுகிறது, கத்துகிறது எதுவும் இல்லை. ஸ்பேனரைப் பைக்குள் வைத்தான், குழாயடியில் கையைக் கழுவினான், துடைத்துக்கொண்டான், வந்து அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தான். அவள் காதருகில் குனிந்து பேச ஆரம்பித்தான்.

வாசலுக்கு ஒதுங்கி நின்ற எங்களுக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, பாட்டு மட்டும்தான் கேட்டது. முதலில் அந்தப் பாட்டில் கோபம் வந்தது. அப்பா, என்ன கோபம்! வாசலைத் திறந்து வை என்பதை அவள் அவன் முகத்தில் அறைகிற மாதிரிப் பாடினாள், தரையைக் கையால் அடித்து அடித்துப் பாடினாள், தண்ணி வை, துணி வை என்று ஏழு வருஷத்துக்கும் சேர்த்து அந்த இரண்டு வரியிலேயே அவனைத் திட்டினாள். அவன் தலைகுனிந்து வாங்கிக்கொண்டான். திரும்பவும் ஏதோ சொன்னான். அப்போது அவள் குரல் உடைந்தது. உடைந்த குரலை ஒட்டிக்கொண்டு மெதுவாகப் பாடினாள், அவன் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே பாடினாள். அப்போதுதான் அவன் எங்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்: "போதும் அமலி. தொண்டை போயிடும்."

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். இன்னும் ஒருதரம் பாடினாள், அதற்கப்புறம் இன்னும் ஒருதரம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, அது வரைக்கும் யாரும் கேட்டிராத ஒரு வரியைப் பாடினாள்.

வண்டி வந்து போயிருச்சு, வாசலைச் சாத்தி வை.

பாட்டு முடிந்தது. ஒழுங்காக, சுருதி வந்து சேர்கிற இடத்தில் வந்து சேர்ந்து முடிந்தது. அவன் காயவில்லை. முழுசாக, நல்ல வெயில் வெளிச்சத்தில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தான். நாங்கள் விலகி வழி விட்டோம். வாசலில் செருப்பை மாட்டினான். தெருமுனைக் கடைக்குக் கிளம்பினால்கூட நம்மில் யார் "போயிட்டு வர்றேன்" என்று சொல்லாமல் படியிறங்குவோம்? அப்படிச் சொல்லாமல் இறங்கினால் கூப்பிட்டுச் சொல்ல வைப்போம் அல்லவா? அவன் திரும்பி அவளைப் பார்த்து, "போறேன்" என்றான்.

கூட்டத்தில் ஒருத்தரும் அவனைக் கூப்பிட்டுத் திருத்தவில்லை. "போங்க" என்றாள் அமலி.

அவன் தெருவில் நடந்து, அடிபம்பைத் தாண்டி, லெவல் கிராசிங் பக்கம் திரும்பிப் போனான். மறுநாள் அவள் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டது, பங்குச் சாமியார் பூசை வைத்தது எல்லாம் அப்புறம் நடந்த கதை, அதை விடுங்கள். நான் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். குடித்தாள். குரல் என்று ஒன்று மிச்சமில்லாத அந்தத் தொண்டையால், கிசுகிசுவென்று என்னிடம் சொன்னாள்:

"கோவிச்சுக்கிட்டுத்தான் போனாராம்க்கா. இனிமே வரவே கூடாதுன்னு மத்தியானம் வரைக்கும் போயிக்கிட்டே இருந்தாராம். அப்புறம் எந்த ஊருன்னே தெரியாத ஒரு ஸ்டேஷன்ல இறங்கிப் பாத்தா, எதிர் பிளாட்பாரத்துல நம்ம ஊரு வண்டி கிளம்புதாம். பாலம் ஏறிச் சுத்திப் போனா விட்டுடுவோம்னு தண்டவாளத்துல இறங்கிட்டாராம். ரயில்வே ஆளுக்கா, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பாக்காம இறங்கிட்டாராம். யாரு எவருன்னு தெரியாம அங்கயே புதைச்சுட்டாங்களாம்."

டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வந்துக்கிட்டு இருந்தாராம்க்கா. வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருந்தாராம்" என்று சொல்லி, என் மடியில் விழுந்து, ஓவென்று வாய்விட்டு அழுதாள்.